மிச்சமான நேரம் யாரோடது? அருப்புக்கோட்டைத் தறியும் நம்ம லேப்டாப்பும்

ஒரு கணக்கோட ஆரம்பிக்கிறேன். 8 மணி நேரம் பிடிக்கிற வேலையை, ஒரு ஸ்கிரிப்ட் எழுதி 5 மணி நேரத்துல முடிச்சிடுறீங்க. 3 மணி நேரம் மிச்சம். அந்த 3 மணி நேரம் யாரோடது?

நம்ம துறையில இருக்கிற யாருக்கும் இதுக்குப் பதில் தெரியும். போர்டுல அடுத்த டிக்கெட் ரெடியா நிக்கும். வேகமா முடிக்கிறவனுக்குக் கிடைக்கிற பரிசு, இன்னும் கொஞ்சம் வேலை. இதுக்குத் தீர்வுன்னு நமக்குச் சொல்லப்படுறதெல்லாம் தனிமனுஷ வைத்தியம்தான்: நோட்டிஃபிகேஷனை அணைச்சு வை, 'முடியாது'ன்னு சொல்லப் பழகு, காலையில 5 மணிக்கு எந்திரி. இந்த வைத்தியம் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு கோடு போடணும்னு இதுக்கு முன்னாடி யாராவது முயற்சி பண்ணியிருக்காங்களா? போட்டவங்க எப்படிப் போட்டாங்க? இதைத் தேடிப் படிச்சுக்கிட்டே போனா, சுத்திச் சுத்திக் கடைசியில நான் வளர்ந்த பக்கத்துக்கே வந்து நின்னேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி.

தெரியாதவங்களுக்கு: மதுரையில இருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் அருப்புக்கோட்டை. அங்கேயிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனா திருச்சுழி. ஊரை ஒட்டிக் குண்டாறு ஓடுது. ஓடுதுன்னு சொல்றது மரியாதைக்கு. வருஷத்துல பெரும்பாலான நாள் மணல்தான். இன்னைக்கு விருதுநகர் மாவட்டம், 1985க்கு முன்னாடி பழைய ராமநாதபுரம் மாவட்டம். கரிசல் மண்ணு, கண்மாய், வானம் பார்த்த பூமி. காட்டு வேலை ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி. ஊருக்குள்ள வேலை தறியை நம்பி. அருப்புக்கோட்டைச் சேலைன்னு ஒரு காலத்துல தனிப் பேரே உண்டு.

முதல்ல தறியைப் பாத்துடலாம். ஏன்னா ஒர்க் ஃப்ரம் ஹோம்ங்கிறதை 2020 மார்ச்சுல நாமதான் கண்டுபிடிச்ச மாதிரி பேசிக்கிட்டோம். குழித்தறி நெய்யுற குடும்பங்களுக்கு அது தலைமுறை தலைமுறையா வாழ்க்கை.

குழித்தறின்னா, வீட்டு முன்கட்டுல தரையில குழி வெட்டியிருக்கும். நெய்யுறவர் குழி விளிம்புல உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். பாவு கண்ணு முன்னாடி நீண்டு கிடக்கும், நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். அதே அறையிலதான் குழந்தை தூங்கும், அதே அறையிலதான் விருந்தாளி உட்காரணும். தறி போட்டது போக மிச்ச இடத்துலதான் வீடு. கூலி, நெய்த சேலைக் கணக்குல. மணிக் கணக்கு கிடையாது. ஜவுளி முதலாளி நூல் குடுப்பார், நெய்து குடுத்தா கூலி. கூட்டுறவு சங்கம் வந்த பிறகு முதலாளி இடத்துல சங்கம் வந்தது, ஆனா கூலி அதே உருப்படிக் கணக்குதான்.

கூலிப் புத்தகத்துல பேரு ஒருத்தர் பேரு. வேலை செய்யுறது குடும்பம். தறி ஓடணும்னா நாடாவுக்குள்ள வைக்கிற தார் சுத்தித் தரணும். அதை வீட்டுப் பொம்பளைங்களும் வயசானவங்களும் பிள்ளைங்களும் செய்வாங்க. உலை கொதிக்கிற நேரத்துல கொஞ்சம், பிள்ளை தூங்குற நேரத்துல கொஞ்சம். பழைய பாவு முடிஞ்சா புதுப் பாவோட ஒவ்வொரு இழையையும் பிடிச்சுப் பிணைக்கணும். ஆயிரக்கணக்கான இழை. இதுக்கெல்லாம் நேரக் கணக்கு யாரும் வெச்சதில்லை. சேலைக் கூலிக்குள்ள எல்லாம் அடக்கம். மீட்டிங் நோட்ஸ் எழுதுறது, புதுசா சேர்ந்தவருக்குச் சொல்லிக் குடுக்குறது, ராத்திரி வந்த மெசேஜுக்குப் பதில் போடுறதுன்னு ஸ்பிரிண்ட் கணக்குல வராத வேலைங்களை நினைச்சுப் பாருங்க. அதோட மூத்த அக்கா இந்தத் தார் சுத்துற வேலை.

அப்போ தறிக்காரங்களுக்கு ஓய்வே இல்லையா? இருந்தது. ஆனா அது ஒருத்தரோட மன உறுதியால வந்த ஓய்வு இல்லை. மூணு விஷயம் சொல்றேன்.

முதல் விஷயம், பாவு. பாவைத் தெருவுல நீளமா இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, ஆத்தி எடுக்கணும். வெயில் ஏறினா கஞ்சி சட்டுன்னு காஞ்சு நூல் முறுக்கிக்கும். அதனால விடியக்காலையில செஞ்சு முடிச்சாகணும். தனி ஆளா முடியாது, அக்கம்பக்கத்துக் கைங்க வேணும். இன்னைக்கு உங்க பாவு, நாளைக்கு எங்க பாவு. நெசவு ஊர்கள்ல இதுக்குன்னே பாவடின்னு பொது இடம் விட்டு வெச்சிருப்பாங்க. அந்த வேலைக்குத் தொடக்கமும் முடிவும் சூரியன் போட்ட கோடு, எல்லாருக்கும் ஒரே கோடு.

ரெண்டாவது, மழை. அடைமழையில தெருவுல பாவு போட முடியாது. குழிக்குள்ள ஈரம் ஏறும். தறி நிக்கும். கூலியும் நிக்கும், அதை மறந்துட வேண்டாம். அந்த ஓய்வுல பாதி பட்டினி.

மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது: அமாவாசை. தமிழ்நாட்டுல பல நெசவு ஊர்கள்ல அமாவாசை அன்னைக்குத் தறியில உட்கார மாட்டாங்க. காஞ்சிபுரத்துல இன்னைக்கும் பார்க்கலாம். சாமிக்காகன்னு சொல்லுவாங்க, முன்னோர்களுக்காகன்னு சொல்லுவாங்க. காரணம் எதுவா இருந்தாலும் விளைவைப் பாருங்க. அன்னைக்கு யார் வீட்டுலயும் தறிச் சத்தம் கேக்காது. நீங்க மட்டும் கூடுதலா ரெண்டு முழம் நெய்யலாம்னு நினைச்சா, தெரு முழுக்கக் கேட்டுடும். பக்கத்து வீட்டுக்காரர் நெய்யலைங்கிறதால உங்களுக்கும் நெய்யாம இருக்கிற தைரியம். நம்ம லேப்டாப்புக்குச் சத்தம் கிடையாது, அதுதான் பிரச்சனை. நான் ராத்திரி 11 மணிக்கு கோட் எழுதுறது பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாது. காலையில நான் முடிச்சு வெச்ச வேலை மட்டும் தெரியும், அவருக்கு வயித்தைக் கலக்கும்.

சரி, இப்போ எஃபிஷியன்சி கதைக்கு வருவோம். இங்கிலாந்துல ஜான் கே 1733ல ஃப்ளை ஷட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். கையால நாடாவை எறிஞ்சு பிடிக்கிறதுக்குப் பதிலா, கயித்தை இழுத்தா நாடா தானா பறக்கும். நெய்யுற வேகம் தோராயமா ரெண்டு மடங்கு. நம்ம பக்கம் அது பரவ 20ஆம் நூற்றாண்டு ஆச்சு. சென்னை மாகாண அரசாங்கத்துல இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், அந்த நூற்றாண்டின் முதல் பத்து வருஷத்துலயே சேலத்துல ஒரு நெசவுக்கூடம் தொடங்கி இதைப் பரப்பப் பார்த்தார். அங்கே ஒரு சுவாரசியம் நடந்தது. கருவியை நெசவாளர்கள் ஏத்துக்கிட்டாங்க, கூடத்தை ஏத்துக்கலை. குறிச்ச நேரத்துக்கு வா, குறிச்ச நேரம் வரைக்கும் உட்காருங்கிற ஒழுங்கு அவங்களுக்கு ஒத்துவரலை. கூடத்துக்கு வந்தா தார் சுத்தித் தர வீட்டு ஆள் இல்லை. கூடவே, எப்போ எந்திரிக்கணும்ங்கிற முடிவும் தன் கையில இல்லை. இதைச் சோம்பேறித்தனம்னு அந்தக் காலத்து அதிகாரிகள் எழுதுறது வழக்கம். எனக்கு அது முழு நியாயமான கணக்காத்தான் தெரியுது.

ஆனா வீட்டுக்கே வந்த ஃப்ளை ஷட்டில் அவங்களுக்கு நேரத்தை மிச்சம் பண்ணிக் குடுத்ததா? 1942ல கைத்தறியையும் ஆலையையும் பத்தி பி.ஜே. தாமஸ் தலைமையிலான குழு அறிக்கை தந்தப்போ, சென்னை மாகாணத்துத் தறிகள்ல பெரும்பகுதி ஃப்ளை ஷட்டிலுக்கு மாறியிருந்தது. ஒரு சேலைக்கு ஆகுற நேரம் குறைஞ்சா, சேலைக் கூலியும் குறையும். எல்லாரும் வேகமா நெய்யுறப்போ வேகம் ஒரு சலுகை இல்லை, குறைந்தபட்சத் தகுதி. பக்கத்துல மில் துணி இன்னும் மலிவா வந்துக்கிட்டு இருந்தது. முன்னே ஒரு நாள் கூலிக்கு நெய்ததை விடக் கூடுதலா நெய்தாதான் அதே கஞ்சி. 1950களின் தொடக்கத்துல நெருக்கடி முத்திப் போய், அண்ணாவும் தி.மு.க.காரங்களும் கைத்தறித் துணியைத் தோள்ல சுமந்து தெருத் தெருவா வித்தாங்க. வேகம் கூடி அரை நூற்றாண்டு ஆன பிறகு நடந்த கதை இது.

ஊருக்கு வெளியே, காட்டுப் பக்கமும் ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடலாம். சீமைக் கருவேலம். அந்தப் பக்கம் பஸ்ஸுல போனவங்க ஜன்னல் வழியா பாத்ததெல்லாம் அதுதான். மழை பொய்ச்ச வருஷம் வெள்ளாமை இல்லைன்னா அதை வெட்டிக் கரிமூட்டம் போடுறது ஒரு பிழைப்பு. விறகை அடுக்கி, மேல தழையோ வைக்கோலோ போட்டு, மண்ணால மூடித் தீ வைப்பாங்க. நாள்கணக்கா உள்ளுக்குள்ளயே புகையணும். எங்கயாவது மண்ணு வெடிச்சுக் காத்து உள்ள போச்சுன்னா, கரி கிடைக்காது, சாம்பல்தான் கிடைக்கும். அதனால ராத்திரியும் ஒரு ஆள் பக்கத்துலயே படுத்து, புகை வர்ற இடத்தைப் பார்த்து மண் அள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கணும். ப்ரொடக்‌ஷன் சப்போர்ட்ல ஆன்-கால் பார்க்கிற நண்பர்களுக்கு இதுக்கு மேல விளக்க வேண்டியதில்லை. தூங்கலாம், ஆனா அது தூக்கம் இல்லை. கரி விக்கிறப்போ மூட்டைக்குத்தான் விலை, முழிச்சிருந்த ராத்திரிக்குத் தனியா விலை கிடையாது.

இடையில ஒண்ணு. 'சும்மா இரு'ங்கிறதையே உபதேசமா வெச்சிருந்த ரமண மகரிஷி 1879ல பிறந்தது திருச்சுழியில. சும்மா இருந்தா சோறில்லைங்கிற பூமியில இருந்து அப்படி ஒருத்தர். இதை வெச்சு நான் எந்தத் தத்துவமும் சொல்லப் போறதில்லை. சொல்லாம விடவும் மனசு வரலை.

இப்போ நேரத்தை நிஜமாவே திருப்பி வாங்கின ஒரு கதை. அருப்புக்கோட்டையில இருந்து எட்டயபுரம் வழியா தெற்கே போனா தூத்துக்குடி. அங்கே ஹார்வி கம்பெனியோட கோரல் மில். 1908 பிப்ரவரி 27 அன்னைக்குத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினாங்க. பின்னால நின்னவங்க வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். கேட்டது கூலி உயர்வு. அதோட வாராந்திர விடுமுறை. ஞாயித்துக்கிழமை. ஒன்பது நாள் வேலைநிறுத்தம். ஊரே கூட நின்னது. வேலைநிறுத்தத்துக்கு எதிராப் பேசின ஒரு வக்கீலுக்குச் சவரம் பண்ணிக்கிட்டு இருந்த தொழிலாளி பாதியில கத்தியை மடக்கிட்டுப் போயிட்டாருன்னு ஒரு கதை உண்டு. மீதிப் பாதியைச் சிரைக்க ஊர்ல ஆள் கிடைக்கலையாம். கடைசியில கம்பெனி இறங்கி வந்தது. கூலி கூடியது, வேலை நேரம் குறைஞ்சது, ஞாயித்துக்கிழமை விடுமுறை ஆச்சு. அடுத்த வாரமே, மார்ச் 12ல, வ.உ.சி. கைது.

இதுல எனக்கு முக்கியமாப் படுறது ஒரு வருஷக் கணக்கு. வாரத்துல ஒரு நாள் விடுமுறைங்கிறது 1891 தொழிற்சாலைச் சட்டத்துலயே எழுதியாச்சு. அதையே 17 வருஷம் கழிச்சு வேலைநிறுத்தம் செய்து கேக்க வேண்டியிருந்தது. சட்டத்துல கோடு போட்டா மட்டும் போதலை. அந்தக் கோட்டைத் தாண்டாதேன்னு ஒண்ணாச் சொல்ல ஆயிரம் பேர் தேவைப்பட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு, 1918 ஏப்ரல்ல பெரம்பூர்ல மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானப்பவும் முதல் மனக்குறைகள்ல ஒண்ணு, மதியச் சாப்பாட்டுக்கு விடுற நேரம் போதலைங்கிறது.

அதுக்கப்புறம் நடந்ததை வேகமாச் சொல்லிடுறேன். 1922ல வாரம் 60 மணி நேரம்னு உச்சவரம்பு. 1934ல 54. 1946ல 48. 1948 தொழிற்சாலைச் சட்டம் அந்த 48ஐ அப்படியே வெச்சுக்கிட்டு, அதுக்கு மேல வேலை வாங்கினா ரெண்டு மடங்கு கூலின்னு சொன்னது. இதுக்கு நடுவுல 1932ல பைகாரா, 1944ல பாபநாசம்னு நீர்மின்சாரம் வந்து, தெற்குச் சீமையில நூற்பாலைங்க பெருகின. அருப்புக்கோட்டையிலயும் மில்லுங்க வந்தது. மின்சார வெளிச்சத்துக்கு ராத்திரி, பகல் கிடையாது. மிஷின் மூணு ஷிஃப்ட்டும் ஓடும், ஆளுக்கு ஒரு ஷிஃப்ட்.

மில் ஊர்ல பிறந்தவங்களுக்குச் சங்குச் சத்தம் தெரியும். மில்லுல வேலை பாக்காதவங்களும் அந்தச் சங்கை வெச்சுத்தான் அடுப்பு மூட்டுவாங்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவாங்க. சங்கை ரொம்ப ரொமான்டிக்காவும் பாக்க வேண்டாம். நடுராத்திரி ஷிஃப்ட்டுக்கு உடம்பைப் பழக்குறது சாதாரண விஷயம் இல்லை. ஆனா அது ரெண்டு தடவை ஊதுச்சு. உள்ளே வான்னு ஒரு தடவை, வெளியே போன்னு ஒரு தடவை. ரெண்டாவது சங்குக்கு அப்புறம் மிஷின் உங்க பின்னாடி வீட்டுக்கு வராது.

இங்கேதான் நம்ம ஊரு ரெண்டாப் பிரியுது. தொழிற்சாலைச் சட்டம் எதைத் தொழிற்சாலைன்னு சொன்னதுன்னா, மின்சாரம் இருந்தா 10 பேர், இல்லைன்னா 20 பேர் வேலை செய்யுற இடம். முன்கட்டுல ஒரு தறி, நாலு பேர் குடும்பம்: கணக்குல வராது. ஒரே ஊர்ல, அடுத்தடுத்த தெருவுல, ஒருத்தருக்கு 48 மணி நேர வாரம் இருந்தது. இன்னொருத்தருக்கு வாரம்ங்கிறதே கிடையாது, அமாவாசை இருந்தது. கைத்தறி போய் வீட்டுக்குள்ளயே விசைத்தறி வந்த பிறகு அதுவும் தளர்ந்துடுச்சு. பாவு சுத்தியே வந்துடுது, அதனால விடியக்காலைத் தெரு வேலை கிடையாது. மழைக்கும் தறி நிக்காது. கரண்ட் போனாத்தான் ஓய்வு.

அந்த 48க்கும் 2023ல ஒரு சோதனை வந்தது. ஏப்ரல் 21ல சட்டமன்றத்துல தொழிற்சாலைச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. வேலை நேரத்தை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் நீட்டிக்க அது இடம் குடுத்தது. வாரம் அதே 48தான், நாலு நாள் வேலை செஞ்சுட்டு மூணு நாள் லீவு எடுத்துக்கலாமேன்னு அரசு தரப்பு சொன்னது. கேக்க நல்லாத்தான் இருக்கு. என் நண்பர்கள்லயே பல பேர் 'செம ஐடியா'ன்னாங்க. மில்லுல எட்டு மணி நேரம் நின்னு பாத்தவங்க அப்படிச் சொல்லலை. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செஞ்சாங்க. தொழிற்சங்கங்களோட பேசின பிறகு ஏப்ரல் 24ல நிறுத்தி வெச்சாங்க, மே 1 அன்னைக்குத் திரும்பப் பெறுறதா முதலமைச்சர் ஸ்டாலின் அறிவிச்சார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில மே தினக் கூட்டம் நடத்தினது 1923 மே 1. சரியா நூறு வருஷம்.

நாம இதுல எங்கே நிக்கிறோம்? நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு: தமிழ்நாட்டுல ஐ.டி. ஆபீஸுக்கும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கு. 1947ல வந்தது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54க்கு மேல போகக்கூடாது. நிர்வாகப் பொறுப்புல இருக்கிறவங்களுக்கு அது பொருந்தாது. நம்ம துறையில மூணு வருஷத்துலயே எல்லாருக்கும் ஏன் 'லீட்', 'மேனேஜர்'னு பட்டம் வந்துடுதுன்னு யோசிச்சுக்கோங்க, நான் ஒண்ணும் சொல்லலை.

சட்டம் இருந்தும், லேப்டாப் வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து நாம மில் பக்கத்துல இருந்து தறிப் பக்கத்துக்கு மாறிட்டோம். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம்னு யாரும் கேக்குறதில்லை, எத்தனை டிக்கெட் முடிச்சோம்னுதான் கேக்குறாங்க. உருப்படிக் கூலி. அதுக்குச் சுதந்திரம்னு பேரு, அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு; சேலத்துக் கூடத்துக்குப் போக மறுத்தவங்களுக்கும் அந்தச் சுதந்திரம் பிடிச்சிருந்தது. ஆனா அவங்ககிட்ட அமாவாசை இருந்தது. 2017 ஜனவரியில பிரான்ஸ்ல நடைமுறைக்கு வந்த தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பாருங்க. 'நீ உன் போனை அணைச்சுக்கோ'ன்னு அது சொல்லலை. 50 பேரும் அதுக்கு மேலயும் இருக்கிற கம்பெனிங்க, ஊழியர்களோட உட்கார்ந்து இதைப் பேசணும்னு சொல்லுது. நம்ம நாட்டுல சுப்ரியா சுலே 2018 டிசம்பர்ல மக்களவையில இதே மாதிரி ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தார். நிறைவேறலை. தமிழ்நாட்டுல ஐ.டி. ஊழியர்கள் தொழிற்சங்கம் வெச்சுக்கத் தடை இல்லைன்னு மாநில அரசு 2016லயே தெளிவாச் சொல்லியாச்சு. எத்தனை பேர் சேர்ந்திருக்கோம்ங்கிறது வேற கதை.

இந்த வாரம் ஒரு வேலை வெச்சுக்கோங்க. உங்க ஆஃபர் லெட்டரை எடுத்து, வேலை நேரம் எத்தனை மணின்னு எழுதியிருக்கிற வரியைப் படிங்க. சில லெட்டர்ல தெளிவா எண் இருக்கும், சிலதுல 'வேலையின் தேவைக்கேற்ப'ன்னு மட்டும் இருக்கும். கம்பெனி பேரு வேண்டாம், அந்த வரியை மட்டும் அனுப்புங்க. வந்ததை வெச்சு ஒரு எபிசோட் பண்ணலாம். அதுக்கு முன்னாடி, அடுத்த வாரம், பாபநாசத்து மின்சாரம் தெற்குச் சீமை மில்லுங்களுக்கு எப்படி வந்து சேர்ந்ததுங்கிற கதை.